தார் சுற்றுவது வேலை இல்லையா?

தறிவீட்டுப்பெண்:
வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரணிப் பக்கம் பட்டு நெசவு வீடு எங்களுடையது. அப்பா தறியில் உட்காருவார், மற்றதெல்லாம் அம்மா. மற்றது என்றால் என்ன என்று நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிட்டமாக வருகிற நூலைப் பிரித்து, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் ராட்டையால் சுற்ற வேண்டும், அதுதான் தார். புதுப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், வந்து இறங்கினால் பழைய பாவின் நுனியோடு அதை இழை இழையாக முறுக்கிப் பிணைக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் இழை, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். கரையைத் தனி நாடாவால் கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலை ஓடினால் தறியின் வலது பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். நடுவில் உலையும் வைக்க வேண்டும்.

முதலாளி கொடுத்த பழைய கூலி நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. பாவு கொடுத்த தேதி, பட்டு எடை, ஜரிகை எடை, சேலை கொடுத்த தேதி, கூலி, முன்பணத்தில் பிடித்தது எல்லாம் அதில் உண்டு. பெயர் அப்பாவுடையது. தார் என்று ஒரு வரி கிடையாது.

சில வருஷம் முன்னால் அம்மாவுக்குச் சிக்குன்குனியா வந்து விரல் மடக்க முடியாமல் போனது. இரண்டு மாதம் தெருக்கோடியில் ஒரு அக்காவிடம் கூலி கொடுத்துத் தார் சுற்றி வாங்கினோம். கோர்வைக்கு உட்கார வந்த பையனுக்குத் தனிக் கூலி. அப்பா ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்துவிட்டு "இவ்வளவா ஆகுது" என்றார். சேலைக் கூலியில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அம்மாவுக்குக் கை சரியான மறுநாளே அந்தச் செலவு கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டது, யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

போன வாரம் ஒரு கடையில் சேலையோடு நெய்தவர் படம் போட்ட அட்டை வைத்திருந்தார்கள். நல்ல விஷயம்தான். ஒரே ஒரு ஆள் படம். அதைப் பார்த்ததிலிருந்து இதே நினைப்பு. நான் கேட்க வந்தது என்னவென்றால், பெண்களே முழு வேலையையும் செய்கிற கைத்தொழில்கள் இருக்கின்றனவே, லக்னோ சிக்கன் பூவேலை, குஜராத் கட்ச் எம்பிராய்டரி, நம் ஊட்டி தோடர் வேலை, அங்கெல்லாம் பெயரும் பணமும் அவர்களுக்குப் போய்ச் சேருகிறதா? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி. எண்ணிக்கையை மட்டும் வைக்கிறேன். நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20. மொத்தம் 35.22 லட்சம் பேர், அதில் நெசவாளர் 26.73 லட்சம், தார் சுற்றுவது போன்ற சார்பு வேலை செய்பவர்கள் 8.48 லட்சம். எல்லோரையும் சேர்த்தால் 72 சதவீதத்துக்கு மேல் பெண்கள். ஆக உங்கள் அம்மா கணக்கில் வருகிற ஆள்தான், முதலாளி நோட்டில்தான் வரவில்லை.

இன்னொன்று. கைவினைகளை வளர்க்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் காலத்தில், 1952-இல், கைவினை வாரியம் அமைத்தார்கள். அந்த வாரியத்தையும் கைத்தறி வாரியத்தையும் 2020-இல் கலைத்தார்கள், அதுவும் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினம் வருவதற்குச் சில நாள் முன்னால். வாரியம் இருந்தபோது என்ன கிழித்தது என்று கேட்பீர்கள், நியாயம். ஆனாலும் நெசவாளி போய் உட்கார்ந்து பேச ஒரு நாற்காலி இருந்தது.

பிரம்மபுத்திரா_திரும்பியவன்:
கணக்குப்பிள்ளை சார், அந்த 72-ஐ அப்படியே ஆரணிக்குக் கொண்டுவராதீர்கள். அதில் பெரும்பகுதி அசாமும் மற்ற வடகிழக்கு மாநிலங்களும். குவாஹாட்டியில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே கிராமத்தில் தறி என்பது பெண்ணின் தறி. நம் ஊரில் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்ட மாதிரி அங்கே நெய்யத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பிஹு பண்டிகை வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு கமோசா என்கிற துண்டு ஓடும், நெய்து பெரியவர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுப்பார்கள், விற்பதற்கில்லை. சுவால்குச்சி போனால் கதை வேறு, அது பட்டு ஊர், அங்கே பெண்கள் கூலிக்கு உட்கார்ந்து நெய்கிறார்கள்.

நம் பக்கம் தறியில் ஆண், தறியைச் சுற்றிப் பெண். இரண்டையும் ஒரே சதவீதத்தில் போட்டால் இந்தச் சகோதரி கேட்கிற விஷயமே மறைந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
ஒத்துக்கொள்கிறேன்.

நேர்வழி_71:
ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மளிகைக் கடைக்காரர் மனைவி பொட்டலம் மடித்துக் கொடுத்தால் அவருக்குத் தனிச் சம்பளமா? விவசாயி வீட்டில் களை எடுக்கிற பெண்ணுக்குக் கணவன் கூலி கொடுக்கிறானா? குடும்பத் தொழில் என்றால் குடும்பமாகத்தான் செய்வார்கள். பணம் ஒரே பானைக்குத்தான் போகிறது. இதில் பெயர் யாருடையதாக இருந்தால் என்ன?

தறிவீட்டுப்பெண்:
பானை ஒன்றுதான் ஐயா, அதில் சண்டையே இல்லை. அப்பா குடிக்கிறவரோ அடிக்கிறவரோ இல்லை. ஆனால் பெயரைப் பார்த்துத்தான் கடன் தருகிறான், பெயரைப் பார்த்துத்தான் ஓய்வூதியம். பானையைப் பார்த்து யாரும் தருவதில்லை.

சின்னக்கடைத்தெரு:
நேர்வழி ஐயாவுக்கு எங்கள் வீட்டுக் கதை. மாமா தவறிப்போனார். காரியம் முடிந்து அத்தை நெசவாளர் சொசைட்டிக்குப் போய், தறி இருக்கிறது, பெரியவன் நெய்வான், நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன், பாவு கொடுங்கள் என்று கேட்டார். உறுப்பினர் அவர்தானேம்மா, நீங்கள் புதிதாகச் சேர வேண்டும், நெசவு தெரியும் என்று நிரூபிக்க வேண்டும் என்றார்கள். முப்பது வருஷம் பாவு பிணைத்த கை. அலைந்து அலைந்து எட்டு மாதம் ஆனது. அதற்குள் பையன் திருப்பூர் பஸ் ஏறிவிட்டான். தறி இருந்த குழியை மண் போட்டு மூடி இப்போது அங்கே இருசக்கர வண்டி நிறுத்துகிறார்கள்.

நேர்வழி_71:
சரி, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை.

லேம்ஸ்ராக்:
நீலகிரியில் சின்னக் கடை வைத்திருக்கிறேன், தோடர் வேலை பற்றிச் சொல்கிறேன். தோடர் மொத்தமே இரண்டாயிரம் பேர் சொச்சம். அதில் ஊசி பிடிப்பவர்கள் பெண்கள் மட்டும். வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பு, சிவப்பு நூல். பெரியவர்கள் போர்த்துகிற பூத்துக்குளியில் பார்த்திருப்பீர்கள், செத்தாலும் அதைத்தான் போர்த்துவார்கள். இந்தத் தையலை அவர்கள் புகுர் என்கிறார்கள்.

எனக்கு வேலை செய்து தருகிற ஒரு அம்மா மந்துக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புக்கு, வெளியே புல்லில் உட்கார்ந்து தைப்பார். வரைந்துகொள்வது, அச்சு வைப்பது, வளையத்தில் மாட்டுவது எதுவும் கிடையாது. துணியின் இழையை ஊசி முனையால் எண்ணி எண்ணிக் குத்துவார், அதுவும் துணியின் பின்பக்கத்திலிருந்து. முன்பக்கம் நூல் லேசாக வளைந்து மேடாக எழும்பி நிற்கும், விரலால் தடவினால் நெய்ததோ என்று தோன்றும். அவர் பேச்சை நிறுத்தவே மாட்டார். எருமை, மழை, மருமகள் எல்லாம் ஓடும். திடீரென்று ஒரு நொடி அமைதியாகி, நாலு வரிசை பிரித்து எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவார். எங்கே தப்பானது என்று நான் எத்தனை முறை உற்றுப் பார்த்தும் கண்டுபிடித்ததில்லை.

2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் என்ன ஆனது? சுற்றுலா வருகிறவர்கள் தோடர் சால்வை என்று கேட்டு வாங்குகிறார்கள், அது உண்மை. மெஷினில் அடித்த அதே கறுப்பு சிவப்பு டிசைனும் அதே தெருவில் தொங்குகிறது, விலை நாலில் ஒன்று. வாடிக்கையாளருக்கு இரண்டும் தோடர்தான். திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுங்கள் என்று கேட்கிறவர் நூறில் ஒருவர்கூட இல்லை.

மாசிவீதி:
முடிச்சுப் போட்டுச் சாயமேற்றுகிற சுங்குடிச் சேலையிலும் இதே கூத்துதான். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. இன்று சுங்குடி என்று நீங்கள் வாங்குவதில் பெரும்பாலானவை மெழுகு அச்சு, இல்லாவிட்டால் ஸ்கிரீன் பிரிண்ட். கட்டுச் சுங்குடி கேட்டால் கடைக்காரரே ஒரு மாதிரி பார்க்கிறார்.

சின்ன வயதில் பக்கத்து வீட்டில் ஒரு சௌராஷ்டிரப் பாட்டி முடிச்சு போடுவார். துணியை நுனிவிரலில் கிள்ளி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு இழு, அடுத்தது. பெரிய வேலைச் சேலைக்கு இருபதாயிரம் முடிச்சு வரை போகும். அந்த வீட்டில் டிவி ஓடும், யாரும் பார்க்க மாட்டார்கள், காது மட்டும் அங்கே. சாயம் போட்டுக் காய்ந்த பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் குறுக்காக இழுப்பார்கள், முடிச்செல்லாம் படபடவென்று தெறித்து நூல் தரையெல்லாம் கொட்டும். அதைப் பார்க்கத்தான் நாங்கள் ஓடுவோம். சேலையில் அந்தந்த இடம் கொப்புளம் மாதிரிக் குவிந்து நிற்கும், ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. வாங்கப் போகிறவர்கள் இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரே அளவில் ஒழுங்காக வரிசை கட்டி நின்றால் அது அச்சு.

சாயம் போடுவது ஆண்கள், விற்பது ஆண்கள். முடிச்சுக்கு எண்ணிக்கைக் கூலி. பாட்டியின் பேத்திகள் யாரும் போடவில்லை, ஒருத்தி பேங்கில் இருக்கிறாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

பிரிவு22:
குறியீடு கிடைத்தும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு வக்கீல் பதில். 1999 சட்டம், நடைமுறைக்கு வந்தது 2003. பதிவேடு நம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. இரண்டு படி. முதலில் ஒரு சங்கமோ அரசு நிறுவனமோ பெயரைப் பதிவு செய்கிறது, பேப்பரில் செய்தி வருகிறது, எல்லோரும் கைதட்டுகிறோம். அடுத்த படி, உண்மையில் அதைச் செய்கிற ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிய வேண்டும். இந்த இரண்டாவது படியில் முடிச்சு போடுகிற பெண்ணை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். வியாபாரி பதிந்துவிடுவார்.

போலி விற்பவன் மீது வழக்குப் போட வேண்டியதும் பதிந்தவர்கள்தான், சட்டம் தானாக வந்து கடையைப் பூட்டாது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். எண்ணிக்கைக் கூலி வாங்குகிறவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

கோமதிக்கரை:
சிக்கன் பற்றி யாரும் எழுதவில்லையே. கணவருக்கு மாற்றலாகி லக்னோவில் ஆறு வருஷம் இருந்தோம். ஒரு குர்தா எத்தனை கை மாறுகிறது தெரியுமா? வெட்டுகிறவர், தைக்கிறவர், மர அச்சில் நீலச் சாயத்தால் பூ பதிக்கிறவர், பிறகு எம்பிராய்டரி, கடைசியில் நீலம் போக வெளுக்கிறவர். எம்பிராய்டரி தவிர மற்றதில் பெரும்பாலும் ஆண்கள். நாள் கணக்கில் நேரம் பிடிப்பது எம்பிராய்டரி, மிகக் குறைவாகக் கிடைப்பதும் அதற்குத்தான். காரணம் சுலபம், மற்றவர்கள் கடைத்தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள், அடுத்தவனுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரியும். இவர்கள் வீட்டுக்குள், ஒரு ஏஜெண்ட் துணியைக் கொண்டுவந்து போட்டு எடுத்துப் போகிறார். பக்கத்துத் தெருவில் என்ன ரேட் என்றே தெரியாது. முர்ரி என்று அரிசி மணி மாதிரி ஒரு தையல் உண்டு, அதை மட்டும் செய்கிற பெண்ணைப் பார்த்திருக்கிறேன், குர்தா முழுசாகி எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லையாம். 1984-இல் அங்கே சேவா லக்னோ என்கிற அமைப்பு தொடங்கி ஏஜெண்ட் இல்லாமல் பெண்களே வேலை எடுக்கிற வழி உண்டானது. அதில் சேர்ந்தவர்கள் நிலைமை மேல் என்று நான் பழகியவர்கள் சொன்னார்கள். சேராதவர்கள் அங்கேயேதான்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்காக 1996-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு 177-ஆம் எண் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

ஆரிஊசி:
நான் இப்போது ஆரி ஒர்க் பண்ணுகிறவள், கல்யாண பிளவுஸ். இங்கே எல்லோரும் அழுகிற மாதிரி எழுதுகிறீர்கள், கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பத்து வருஷமாக, துணியை இழுத்துக் கட்டுகிற கட்டை போட்டு உட்கார்கிறேன். முதல் மூன்று வருஷம் ஒரு பொட்டிக்குக்குத் தைத்தேன். கழுத்தும் கையும் ஜர்தோசி நிறைத்து ஆறாயிரம் பில் போடுவார்கள், மூன்று நாள் முதுகு ஒடிந்த எனக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஒரு நாள் கஸ்டமர் ஒருவர் கடை வாசலில் நின்று, யார் செய்தது என்று கேட்டார், எங்கள் டிசைனர் என்றார்கள். நான் உள்ளே இருந்தேன். அடுத்த மாதம் வாட்ஸ்அப்பில் நானே படம் போட ஆரம்பித்தேன், அவ்வளவுதான் என் புரட்சி. இப்போது என்னிடம் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் பெயரைப் பில்லில் போடுகிறேனா என்று கேட்காதீர்கள், இதைப் படித்த பிறகுதான் உறைக்கிறது.

லேம்ஸ்ராக்:
நேர்மையான பதில் அக்கா.

பழந்துணிப்பெட்டி:
பாரம்பரியம் அழிகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். கட்ச்சில் ரபாரி என்று மேய்ச்சல் சமூகம். அதில் ஒரு பிரிவில் 1995-இல் பெரியவர்கள் கூடி, இனி நம் பெண்கள் தங்களுக்கு எம்பிராய்டரி செய்துகொள்ளக் கூடாது என்று தடையே போட்டார்கள். ஏன்? சீதனமாகக் கொண்டுபோக வேண்டிய துணியெல்லாம் தைத்து முடிக்கிறவரை பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பாமல், வயது ஏறிக்கொண்டே போனதாம். வெளியூர்க்காரன் கண்ணுக்குக் கலை, அந்த வீட்டுக்குச் சுமை. அப்புறம் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, கடையில் விற்கிற ரிப்பன், சரிகைப் பட்டையை வாங்கி மெஷினில் அடித்துப் புதுசாக ஒரு பாணியே உண்டாக்கிவிட்டார்கள். பாபிபென் ரபாரி அந்தப் பட்டை வேலையை வைத்துப் பை செய்து தன் பெயரிலேயே தொழில் நடத்துகிறார். பையில் அவர் பெயர்தான் இருக்கிறது. தறிவீட்டுப்பெண் கேட்டதற்கு இது ஒரு பதில்.

அதே கட்ச்சில் 1969 பஞ்சத்தின்போது தானேட்டி கிராமத்துக்கு நிவாரணத்துக்குப் போன சந்தாபென் ஷ்ராஃப், அங்கே பெண்கள் இலவசமாக வாங்கிக்கொள்ளக் கூசுவதைப் பார்த்து, அவர்கள் உடுத்தியிருந்த வேலைப்பாட்டையே வருமானமாக்கலாம் என்று தொடங்கியதுதான் ஸ்ருஜன் அமைப்பு.

அரூர்_பஸ்:
அவ்வளவு தூரம் ஏன், நம் தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலைக்கு அந்தப் பக்கம் சிட்டிலிங்கி. லம்பாடிகள் இருக்கிறார்கள். பாவாடை, கண்ணாடி, சோழி எல்லாம் விட்டு எல்லோரும் கடைச் சேலைக்கு மாறி, தையல் வயதான சிலருக்குத்தான் ஞாபகத்தில் இருந்தது. அங்கே ஆஸ்பத்திரி நடத்துகிற டாக்டர் லலிதா ரெஜி தூண்டி, பாட்டிகளிடமிருந்து இளையவர்கள் மறுபடி கற்றுக்கொண்டார்கள். இப்போது போர்கை என்று அவர்களுடைய சங்கம். லம்பாடி பேச்சில் பெருமை என்று அர்த்தம். ஒரு தலைமுறை விட்டுப்போனதை அடுத்தது பிடித்துக்கொண்டது என்பதால் சொன்னேன். எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் நூறு நாள் வேலையை விட நிழலில் உட்கார்ந்து தைக்கிறோமே, அது போதும் என்கிறார்கள். அதுவும் ஒரு கணக்குதான்.

கணக்குப்பிள்ளை:
தறிவீட்டுப்பெண்ணுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அந்தக் கணக்கெடுப்பில் சார்புத் தொழிலாளர்களுக்கும் அடையாள அட்டை உண்டு, நெசவாளிக்கு மட்டும் இல்லை. அம்மா பெயரில் வந்திருக்கிறதா என்று உங்கள் சரகக் கைத்தறி அலுவலகத்தில் விசாரியுங்கள். இல்லாவிட்டால் புதிதாக விண்ணப்பம் கேளுங்கள். மாநில அரசின் கைத்தறித் தொழிலாளர் நல வாரியம் பற்றியும் அங்கேயே கேளுங்கள். அம்மாவுக்கு அறுபது ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் இந்த மாதமே போங்கள்.

பிரிவு22:
போகும்போது அந்தப் பழைய கூலி நோட்டையும் கையில் எடுத்துப் போங்கள். சிக்குன்குனியா சமயத்தில் வெளியாளுக்குக் கொடுத்த கூலியை அப்பா எங்காவது எழுதி வைத்திருந்தால் அதையும். அந்த வேலைக்கு ரேட் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

தறிவீட்டுப்பெண்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. நேற்று ராத்திரி இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். தார் சுற்றிக்கொண்டேதான் கேட்டாள். சுங்குடி முடிச்சு தெறிக்கிற இடத்தில் சிரித்தாள். அத்தையும் குழியை மூடிய வீடும் வந்தபோது ராட்டையை நிறுத்திவிட்டு, அது எந்த ஊர் என்று கேட்டாள், எனக்குத் தெரியவில்லை, சின்னக்கடைத்தெரு நீங்களே சொல்லுங்கள். அப்பா எழுந்து போய்ப் பரணில் கையை விட்டுத் துழாவி, காலண்டர் தாள் ஒன்றை எடுத்து வந்தார். அதன் பின்பக்கத்தில் அந்த இரண்டு மாதத்துக் கணக்கு, அவர் கையெழுத்திலேயே, தார் இவ்வளவு, கோர்வை ஆள் இவ்வளவு என்று.

திங்கட்கிழமை போகிறோம். அட்டைக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்றால் எந்தச் சேலை கட்டுவது என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டில் பட்டு ஒன்றுகூட இல்லை.